மூன்றாவது மேசை

போன மாதம் எங்கள் துறையில் இப்போது மாணவர் சேர்க்கைப் பொறுப்பில் இருக்கும் பெண், மடிக்கணினியும் கையுமாகப் பாளையங்கோட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். “மேடம், எல்லாம் ஆன்லைன் ஆயிட்டு. விண்ணப்பம், சான்றிதழ், தரவரிசை எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடுது. உங்க மூணாவது மேசையை மட்டும் இதுல எங்கன போடுததுன்னு தெரியல” என்றாள்.

காகிதம் போய்விட்டதே என்று கண்ணீர் விடுகிற ஆள் நான் இல்லை. முதல் இரண்டு மேசைகளின் வேலையைக் கணினி எங்களைவிட நன்றாகவே செய்கிறது. கூட்டலில் தப்பு வராது, தூரத்து உறவுக்காரர் வந்து நின்றால் பல் இளிக்காது. ஆனால் மூன்றாவது மேசைக்கு ஒரு மனிதர் வேண்டும், எதிரே ஒரு நாற்காலி வேண்டும். அதைச் சொன்னேன். “அங்கன என்னதான் செய்வீங்கன்னு எழுதிக் கொடுங்களேன்” என்றாள். நான் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்பது துறை முழுக்கத் தெரியும். எழுதச் சொன்னது அவளுடைய சாமர்த்தியம்.

பாளையங்கோட்டையிலேயே பள்ளியும் கல்லூரியும் முடித்தேன். மதுரையில் முதுகலை. பிறகு தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர் வேலை. முதல் சில ஆண்டுகள் உடைந்த குடுவைகளுக்குக் கணக்குச் சொல்வதிலும் பையன்களை அதட்டுவதிலும் போயின. உருப்படியாக நான் செய்த வேலை என்று இன்று நினைப்பது, சைலப்பன் சார் முதல்வராக வந்த பிறகு தொடங்கியது.

சைலப்பன் சார் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த சைவக் குடும்பம். அவர் கைக்கு வந்து சேர்ந்தது படிப்பும் நெற்றித் திருநீறும்தான். கணிதப் பேராசிரியர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இரண்டாம் தடவை துடைத்தாரென்றால் எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவது நல்லது. விண்ணப்பங்களை நின்றுகொண்டே படிப்பார். “உக்காந்து படிச்சா நாம ஜட்ஜுன்னு நெனப்பு வந்துரும்” என்பார். யாராவது சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தால் உறையைப் பிரிக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்து, “பத்திரமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, பிள்ளை கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்ப விலாசம் உதவும்” என்பார். கொண்டுவந்தவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாது.

எங்கள் சேர்க்கை அறையில் அப்போது இரண்டு மேசைகள். ஒன்றில் சான்றிதழ் சரிபார்ப்பு, இன்னொன்றில் மதிப்பெண் வரிசை. மூன்றாவதைப் போட்டவர் சார்தான். ஆகஸ்டு மாதம் பொறியியல் கலந்தாய்வு முடிந்ததும் எங்களிடம் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் விலகிப் போவார்கள். அப்படிக் காலியாகும் இடங்களில் கல்லூரி தன் பொறுப்பில் நிரப்பிக்கொள்ளக் கூடியவை ஒன்றிரண்டு இருக்கும். ஊரிலுள்ள பெரிய மனிதர்களின் கண் எல்லாம் அவற்றின் மேல்தான். சார் அந்த இடங்களை, மற்ற வருடங்களில் நன்றாகப் படித்து ஒரே ஒரு வருடம் சறுக்கிய பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவைத்தார். ஃபெயில் என்ற சொல் அவர் வாயில் வராது. “வருசம் வழுக்கிட்டு” என்பார். “பாசி புடிச்ச படித்துறையில நல்லா நடக்கத் தெரிஞ்சவனுந்தாம்வே வழுக்குதான்” என்று சேர்க்கைக் குழுவில் முறைத்த ஒரு பேராசிரியருக்குப் பதில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “எஸ்தர் மேடம், அந்த மேசையில நீங்க உக்காருங்க. உங்களைக் கண்டா ஒரு பயலும் கத விடமாட்டான்” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முறையை அவரே வகுத்துக் கொடுத்தார். முதலில் பெற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும். அப்பாக்களுக்குக் கேன்டீனில் வடை போட்டாயிற்று என்று சொன்னால் போதும். அம்மாக்கள்தான் லேசில் நகர மாட்டார்கள். பிள்ளை தனியானதும், ஏன் மதிப்பெண் குறைந்தது என்று எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே ஒரு பதில் தயாராகி வந்திருக்கும். “இனிமே படிக்கவே முடியாதுன்னு சொன்னா எந்தப் பாடத்துக்காக அழுவே?” என்றுதான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி நன்றாக வேலை செய்தது. காயல்பட்டினத்துப் பையன் ஒருவன் வேதியியலுக்கு விண்ணப்பித்து வந்திருந்தான். அறிவியல் பாடங்கள் எல்லாமே சரிவு. கேட்டதும், “இங்கிலீஷ் மேடம்” என்றான், கொஞ்சமும் யோசிக்காமல். பிறகு எதற்கு வேதியியல்? “வாப்பா ஆசை.” வாப்பா கல்ஃபில் இருந்தார். சார் தன் அறையிலிருந்தே அவருக்குப் போன் போட்டார். “இங்கிலீஷ் படிச்சு அவன் என்ன ஆவான் சார்?” என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. “அது எனக்குத் தெரியாது. கெமிஸ்ட்ரி படிச்சா என்ன ஆவான்னு நல்லாத் தெரியும்” என்றார் சார். பையன் இன்று ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறான். எங்கள் துறையும் தப்பித்தது.

வேதியியலுக்கே அழுவேன் என்று சொல்பவர்களை நான் ஆய்வகத்துக்கு அழைத்துப் போவேன். இது நானாகச் சேர்த்துக்கொண்ட முறை, சார் ஒப்புக்கொண்டார். பள்ளிகளில் செய்முறைத் தேர்வுக்கு அனேகமாக எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள், அதை நம்பிப் பயனில்லை. நான் கொடுப்பது சாதாரணத் தரம்பார்த்தல்தான். மேலே அளவுக்கோடு போட்ட பியூரெட் குழாயில் கத்தரிப்பூ நிறப் பெர்மாங்கனேட். கீழே கூம்புக் குடுவையில் இரும்பு உப்புக் கரைசலும் கொஞ்சம் நீர்த்த அமிலமும். மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற நிறம் விழ விழ மறைந்துகொண்டே வரும். ஏதோ ஒரு சொட்டில் மறையாமல் மெல்லிய இளஞ்சிவப்பாக நிற்கும். அங்கே நிறுத்திவிட்டு அளவை எழுத வேண்டும். இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் நிறம் ஏறிவிடும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கை சுத்தமாக இருக்கிறதா என்று நான் பார்ப்பேன் என எல்லோரும் நினைப்பார்கள். கையை ஒரு பருவத்தில் பழக்கிவிடலாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. முதல் தடவை ஓர் அளவு வந்ததும், இரண்டாம் தடவை அதுவே வந்துவிட்டதாக எழுதிவிடுகிறார்களா? பள்ளியில் பழக்கிவிட்ட கெட்ட புத்தி அது. வராத அளவை வந்ததாக எழுதுகிற பிள்ளையை வேதியியலில் சேர்ப்பதைவிட அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான்.

இனி இசக்கியம்மாள். நான் பார்த்ததிலேயே கடினமான விண்ணப்பம் அவளுடையதுதான்.

விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளை. அப்பா சுடலைமுத்து அங்கே நூல் மில்லில் வேலை. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலிடம், பதினொன்றிலும் குறையில்லை. பிளஸ் டூவில் மொழிப்பாடங்கள் பிரமாதம். வேதியியலுக்கு நேராக வராதவர் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு நடந்த இயற்பியலும் கணக்கும் தட்டுத்தடுமாறித் தேறியவை. வேதியியலைத் துணைத்தேர்வில் எழுதித் தேறி, கல்லூரிகளெல்லாம் திறந்த பிறகு வந்திருந்தாள். எங்களிடம் இருந்தது ஒரே இடம். அதே இடத்துக்குத் திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு பையனும் காத்திருந்தான். அவன் மதிப்பெண் அவளைவிட அதிகம்.

சார் நின்றபடியே படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “மேடம், மார்க்குக் கொறஞ்ச பிள்ளைய எடுக்கலாம். பொதுப்பரீட்சைக்கே வராத பிள்ளைய எப்படி எடுக்கது? நாளைக்கு ஆய்வகத்துக்கு வருமா? ஒரு வருசத்துல கல்யாணம்னு டி.சி. வாங்கிட்டுப் போயிருவாங்க. எடமும் வீணாப் போவும், அந்தப் பையனுக்கும் இல்லாமப் போவும்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படிப் போன பிள்ளைகளை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம்.

சுடலைமுத்து வெளுத்த சட்டை போட்டு, வேட்டியை மடித்துக் கட்டாமல் மரியாதையாக நின்றார். பேச்சு மட்டும் நிற்கவில்லை. “நல்லாப் படிக்கிற பிள்ளைதான் மேடம். அந்த நேரம் பாத்துக் காய்ச்சல் வந்துட்டு. அதுக்கப்புறம் படிப்புல புத்தியே இல்ல. நாங்க சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம்.” மகள் தலையைத் தூக்கவில்லை. வடையைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு என் கேள்வியைக் கேட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பாடத்துக்கு என்று சொல்லுவாயா என்றேன். “அதான் மேடம் அழுதேன்லா. இங்கன கெடைக்கலன்னா என்னை வேலைக்கு அனுப்பிருவாங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பையனையும் அவளையும் ஆய்வகத்தில் எதிரெதிர் மேசைகளில் நிறுத்தினேன். பையன் கெட்டிக்காரன். ஒரு தடவை செய்தான். இரண்டு அளவுகளையும் அச்சடித்த மாதிரி எழுதி நீட்டினான். இரண்டாவது தடவைக்கு அவன் கரைசல் அளக்கும் பிப்பெட்டையே தொடவில்லை. இசக்கியம்மாளுக்கு முதல் தடவை உத்தேசமாக ஓர் அளவு வந்தது. இரண்டாம் தடவை ஒரு சொட்டு கூடிவிட்டது. திரும்பி என்னைக்கூடப் பார்க்கவில்லை, குடுவையைக் கொண்டுபோய்க் கொட்டினாள். கழுவினாள். மறுபடி தொடங்கினாள். அடர்நிறக் கரைசல் என்பதால் குழாயில் அதன் மேல் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்து அளவைப் படித்தாள், அது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. கடைசியில் தாளைக் கொடுத்தபோது வந்த அளவுகள் எல்லாமே அதில் இருந்தன, கெட்டுப்போனதும் சேர்த்து. அதற்குப் பக்கத்தில் ‘கூடிவிட்டது’ என்று எழுதியிருந்தாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. இந்தப் பிள்ளையை விடக்கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் சாரின் கேள்வி அப்படியே இருந்தது. “பரீட்சைக்கு ஏன் போகலட்டி?” என்றேன்.

“காய்ச்சல் மேடம்.”

“எத்தனை நாளா?”

“நான்தான் போகல மேடம். எனக்குப் படிச்சது காணாதுன்னு பயம்.”

“ஒரே நேரத்துல காய்ச்சலும் பயமுமா? கூடிப்போன சொட்டையே மறைக்காம எழுதுத. எங்கிட்ட எதுக்குட்டி பொய் சொல்லுத?”

“என்ன வேணும்னாலும் கேளுங்க மேடம், இது மட்டும் கேக்காதீங்க. அப்பாட்டயும் கேட்டுராதீங்க” என்றாள். இடம் கைவிட்டுப் போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பிடித்து உலுக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

சாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர், “வேதியியல் பரீட்சை என்னைக்கு நடந்துச்சு?” என்றார். தேதியைச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அன்னைக்கு நமக்கு லீவுல்லா?” என்றார். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும்தான் நாள்கணக்கு. அவர் சுடலைமுத்துவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பிள்ளையைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

“அண்ணாச்சி, உங்களுக்குச் சாஸ்தா எந்த ஊரு?”

திருநெல்வேலிச் சீமையில் இருவர் அறிமுகமானால் கேட்டுக்கொள்கிற சாதாரணக் கேள்விதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எங்கோ ஒரு குளத்தங்கரையில் ஒரு சாஸ்தா இருப்பார். வருடம் முழுக்கப் போகாவிட்டாலும் பங்குனி உத்திரத்தன்று பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடிப் பொங்கலிட வேண்டும். போகாத குடும்பத்தை ஒரு வருடம் முழுக்கப் பேசுவார்கள். வேதியியல் பரீட்சை நடந்த நாள் பங்குனி உத்திரம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுடலைமுத்து, “நாங்குநேரிப் பக்கம் சார்” என்று சாதாரணமாகத்தான் தொடங்கினார். “குளத்தங்கரையில...” என்றவர் சாரின் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார்.

“எங்க சாஸ்தாவுக்கு நானும் அன்னைக்குத்தான் போயிருந்தேன். பைய சொல்லுங்க” என்றார் சார்.

“கலெக்டர் லீவு விட்டிருக்காருன்னு டீக்கடையில சொன்னாங்க சார். ஜில்லா முழுக்க லீவுன்னா பரீட்சையும் இருக்காதுன்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துக் கதவையே பூட்டியிருப்பானே, எவன் வந்து தெறப்பான்னேன். அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் வேன்ல ஏறியாச்சு. இவ மட்டும், ‘எப்பா, பரீட்சை உண்டும், டீச்சர் சொல்லியிருக்காங்க’ன்னா. எல்லார் முன்னாலயும் வாயைப் பொத்திட்டு ஏறுட்டின்னு அதட்டிட்டேன். பொங்கல் பொங்கி வருது, அப்ப டீச்சர் போன் போடுதாங்க, பிள்ளை எங்கேன்னு. அன்னைக்குப் பூரா அவ பச்சத்தண்ணி குடிக்கல சார். மில்லுல எல்லார்ட்டயும் காய்ச்சல்னு சொல்லிட்டேன். பொறவு படிக்கலன்னும் சொல்லிட்டேன். எப்படி சார் சொல்லுவேன், நானே கெடுத்தேன்னு?”

உள்ளூர் விடுமுறை அறிவிப்பு ஒவ்வொன்றிலும், பொதுத்தேர்வுகள் வழக்கம்போல நடைபெறும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அதை யாரும் டீக்கடையில் வாசிப்பதில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மகள் அப்பனின் மானத்தைக் காப்பாற்ற இடத்தையே விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறாள், இவர் அவளைப் படிக்காதவள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார்.

சார் கோபப்படவில்லை, இரக்கப்படவும் இல்லை. “மேடம், பரிதாபத்துக்காக எடம் கொடுக்கக் கூடாது. சோதனை என்ன ஆச்சு?” என்றார். இரண்டு தாள்களையும் நீட்டினேன். நின்றுகொண்டே படித்தார். பையனின் தாளைப் பார்த்துச் சிரித்தார். இசக்கியம்மாளின் தாளில் ‘கூடிவிட்டது’ என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். “வராத பிள்ளையில்ல, வரவிடாத பிள்ளை. சேத்துக்கிடுங்க” என்றார். பையனுக்குப் பொருளியலில் ஓர் இடம் பார்த்துக் கொடுத்தோம். இன்று வங்கியில் இருக்கிறான், வழியில் பார்த்தால் நின்று வணக்கம் சொல்கிறான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சார் இன்னொன்றும் செய்தார். மகளை உள்ளே கூப்பிட்டு, “அண்ணாச்சி, எங்கிட்டச் சொன்னதை அவகிட்டச் சொல்லுங்க” என்றார். சுடலைமுத்து எழுந்து நின்றார். “நீ பெயிலாவலட்டி, நாந்தான்...” என்று அதற்குமேல் முடிக்கத் தெரியாமல் நின்றார். அவள், “சரிப்பா, அழாதிய, சார் பாக்காங்க” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆய்வகச் சாவியைத் தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்களிடம் இருந்த மூன்று வருடமும் இசக்கியம்மாள் ஆய்வகத்துக்கு வராத நாள் கிடையாது. கடைசி வருடம் துறையில் முதலிடம். முதுகலைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் அப்பாவும் மகளும் அல்வாப் பொட்டலத்தோடு என்னைப் பார்க்க வந்தார்கள். சைலப்பன் சார் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். என் மேசையைச் சுற்றிக் கூட்டம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் மகனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்க அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். “போனைக் கட்டிக்கிட்டே அழுதான் மேடம். படிக்கணும்னு எண்ணம் இருந்தால்லா? நம்ம பேரையே கெடுத்துட்டான்.” பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடையைச் சொல்லி அந்த மனிதரை அனுப்பலாமென்று நான் வாயெடுத்தேன்.

அதற்குள் சுடலைமுத்து எழுந்து அவரிடம் போய்விட்டார். “அண்ணாச்சி, பிள்ளையத் திட்டாதிய. அந்தா நிக்கால்லா, அது எம் மவ. பிளஸ் டூல ஒரு பரீட்சையே எழுதல. ஏன்னு கேளுங்க. பரீட்சை அன்னைக்கு நாந்தான் அவளைச் சாஸ்தா கோயிலுக்கு வேன்ல ஏத்திட்டுப் போனேன். எம் பிள்ளை படிக்கலன்னு ஊரெல்லாம் சொன்னேன். பொய். கெடுத்தது நான், அவளா எந்திரிச்சா” என்றார்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் வெட்கப்பட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “எப்பா, பைய.”

“எதுக்குட்டி பைய? எல்லாரும் கேக்கட்டும்” என்றார் சுடலைமுத்து.